கூலி கேட்காத கரிச்சான்

(ஆனி மாதம் நடந்த கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



காலையிலிருந்து சேமிப்பு, கடன் திருப்பம், தணிக்கை என்று கணக்காகவே பேசிவிட்டோம். பாதிப் பேருக்குக் கண் சொக்குவது இங்கிருந்தே தெரியுது. அதனால நான் இன்னிக்கு ஒரு குருவியைப் பற்றிப் பேசப்போறேன். சிரிக்காதீங்க. கடைசியில் இந்தப் பேச்சும் நம்ம கடன் பதிவேட்டில்தான் வந்து நிக்கும், பாருங்க.

முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டில் முதல்ல எழுந்திருக்கிறது யாரு? "நாங்கதான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்றீங்க. சரி. வாசல் தெளிக்க வெளியே வரும்போது இன்னும் இருட்டா இருக்கும். காக்கா கூட கத்த ஆரம்பிச்சிருக்காது. அந்த நேரத்தில் கரண்டு கம்பியிலோ வேப்பமரத்து உச்சியிலோ ஒரு குருவி விட்டு விட்டுக் குரல் கொடுக்கும். கணீர்னு சீட்டியடிக்கிற மாதிரி ரெண்டு சத்தம், நடுவில் கரகரன்னு ஒரு சத்தம். அதைக் கேட்டு நாள் ஆரம்பிக்கிறவங்கதான் நாம் எல்லாரும். ஆனா அது எது என்று நிமிர்ந்து பார்த்தவங்க எத்தனை பேர்?

அதுதான் கரிச்சான். கரிக்குருவி என்போம், இரட்டைவால் குருவி என்போம். பழைய பெயர் வலியன். திருப்பாவையில் ஏழாவது பாட்டில் விடியலில் பேசுகிற ஆனைச்சாத்தன் என்று ஒரு பறவை வருகிறது. அது இந்த வலியன்தான் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாட்டிலும் பெண்கள் விடியலில் எழுந்து தயிர் கடைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியும் நமக்கும் அதுக்கும் எழுந்திருக்கிற நேரம் மாறலை.

ஆள் எப்படி இருக்கும் என்று சொல்றேன். உடம்பு முழுக்கக் கருப்பு. வெறும் கரிக்கருப்பு இல்லை, எண்ணெய் தடவிச் சீவின தலை மாதிரி மினுமினுப்பு. வெயில் பட்டால் நீலம் ஓடும். கண் கருஞ்சிவப்பு. வாய் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும், கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் அளந்தால் சுமார் 28 சென்டிமீட்டர். பிள்ளைங்க வெச்சிருக்கிற ஒரு அடி ஸ்கேல்ல கொஞ்சம் குறைச்சல். அதில் பாதி வாலே போய்விடும். வால் நுனி மீன் வால் மாதிரி ரெண்டாப் பிளந்து வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கும். குயிலும் கருப்புத்தானே என்று கேட்பீங்க. குயிலுக்கு வால் பிளவு கிடையாது, அது மரத்துக்குள்ளே ஒளிஞ்சு பழம் தின்கிற ஜாதி. கரிச்சான் ஒளியவே ஒளியாது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிமிர்ந்துதான் உட்காரும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடை, ஒரே நிறம். வேலையும் அப்படித்தான். ரெண்டும் சேர்ந்து கூடு கட்டும், ரெண்டும் அடை காக்கும், ரெண்டும் இரை தூக்கி வரும். இதை ஒரு குழுக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு அக்கா, "மேடம், இதை எங்க வூட்டுக்காரர் இருக்கும்போது வந்து சொல்லுங்க" என்றார்கள்.

மனுஷங்க பயிர் பண்ற இடம்தான் அதுக்குப் பிடிச்ச இடம். ஏர் ஓட்டினால் பின்னாடியே வரும், இப்போ டிராக்டர் பின்னாடி வருது. மாடு மேய்ந்தால் மாட்டு முதுகில் உட்காரும். மாடு காலை எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி துள்ளும் இல்லையா, அதுக்குத்தான் காத்திருக்கும். கரும்புத் தோகையைக் கொளுத்தினால் புகைக்குப் பக்கத்தில் சுத்திக்கிட்டே இருக்கும், வெப்பம் தாங்காமல் பறந்து வரும் பூச்சியைப் பிடிக்க. உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று கீழே பாயும், பிடிச்சதும் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடும். இரையைக் காலில் அமுக்கிப் பிடிச்சு, மூக்கால் கிழிச்சுத் தின்னும். வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, புழு, வண்டு, ஈசல், எறும்பு, குளவி எதையும் விடாது. சில சமயம் ஓணானையும் சின்னக் குருவியையும் கூடப் பிடிக்கும். கல்யாண முருங்கை பூக்கிற காலத்தில் தேன் குடிக்கவும் வரும்.

இதோட தைரியத்தைப் பற்றித் தனியாச் சொல்லணும். கூட்டுப் பக்கம் காக்காவோ பருந்தோ வந்தால் துரத்தித் துரத்திக் கொத்தும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தின் முதுகில் ஏறி அடிக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதனால் மாம்பழக்குருவி, புறா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாம் கரிச்சான் கூடு இருக்கிற மரமாப் பார்த்து வந்து கூடு கட்டும். வடநாட்டில் இதுக்குக் கோத்வால் என்று பெயர். போலீஸ் அதிகாரி என்று அர்த்தம். சென்னையில் கொத்தவால் சாவடி என்று சொல்கிறார்களே, அதே கொத்தவால்தான்.

நம்ம ஊர்க் கதை இன்னும் அழகு. மதுரைத் திருவிளையாடல்களில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்தது ஒன்று. மற்ற பறவைகள் கொத்திக் கொத்தித் தலையெல்லாம் புண்ணாகிப் போன ஒரு கரிக்குருவி மதுரைக்கு வந்து பொற்றாமரைக் குளத்தில் குளித்து வேண்டிக்கொண்டது, சிவபெருமான் அதற்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார், அதிலிருந்து எல்லாப் பறவைகளையும் விட வலிமை வந்தது, அதனால் வலியான் என்று பெயர் வந்தது என்பது கதை. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் இதை இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள். எல்லாரும் தலையில் குட்டின ஒரு சின்ன உசிருக்கு வலியான் என்று பேர் வெச்சிருக்காங்களே, அதுதான் எனக்குப் பிடிச்சது.

கொஞ்சம் திருட்டுப் புத்தியும் உண்டு, மறைக்கக் கூடாது. வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை கத்துகிற மாதிரியே கத்தும். மைனாக் கூட்டம் பயந்துபோய் இரையைப் போட்டுவிட்டு ஓடும். இவர் நிதானமா இறங்கி அதை எடுத்துக்கொள்வார்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வரேன்.

நான் சமூகப்பணி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த புதிது. மல்லாட்டைக் கொல்லையில் புரோட்டீனியா புழு விழுந்து, இலையெல்லாம் சல்லடையாகிப் போன வருஷம் அது. ஒரு குழுவில் உள்கடன் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரே காரணம்: மருந்துக்கடை பாக்கி. மருந்தைக் கடனுக்குக் கொடுப்பார்கள், விலையைக் கூட்டிப் போடுவார்கள், அறுவடையில் அடைக்கணும். அதை அடைக்கக் குழுவில் கடன். எனக்கு என்ன தோணுச்சு? குழுவே ஒரு விசைத்தெளிப்பான் வாங்கினால் கூலி மிச்சம் என்று தோணுச்சு. தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, வாங்கியும் கொடுத்தேன். மாத அறிக்கையில் அதைச் சாதனை என்று எழுதினேன். படமும் ஒட்டினேன்.

மருந்து அடிச்ச ரெண்டாம் நாள் காலையில் அந்தக் குழுவில் மூத்த ஒரு அம்மா என்னை வரப்புக்குக் கூட்டிப்போனார்கள். வரப்பு ஓரத்தில் ரெண்டு கரிச்சான் செத்துக் கிடந்தது. ஒன்றின் வாயில் பாதிப் புழு. அம்மா ஒன்றும் திட்டவில்லை. "ஏம்மா, கூலி வாங்காம வேலை செஞ்சிட்டிருந்ததுங்க. இதுங்களைக் கொன்னுட்டு நாம காசு குடுத்து ஆள் வெக்கிறோம்" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நான் அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அவங்க சொன்ன பிறகுதான் நான் வேளாண்மைத் துறைக்காரர்களிடம் போய்க் கேட்டேன். அவர்கள் சொன்னதும் அதையேதான். புரோட்டீனியாத் தாய் அந்துப்பூச்சி ஒன்று பல நூறு முட்டை போடும். இலைமேல் குவியலா வெச்சு, பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். பொரிச்சு வளர்ந்த புழு பகலில் மண்ணுக்குள்ளேயும் சருகுக்கு அடியிலும் பதுங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்தபின் வெளியே வந்து இரவெல்லாம் தின்னும். நாம் மருந்து அடிப்பது வெயில் நேரத்தில். புழு அப்போ மண்ணுக்குள்ளே தூங்குது. கரிச்சான் வேலை செய்யும் நேரம் எது? கிழக்கு வெளுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சு, மற்ற பறவையெல்லாம் அடைந்த பிறகும் தெருவிளக்கு வெளிச்சத்தில் பூச்சி பிடிச்சிட்டிருக்கும். புழு வெளியே வர நேரமும் அந்துப்பூச்சி பறக்கிற நேரமும் அதுதான். முட்டை போடும் முன்னே ஒரு அந்துப்பூச்சியைப் பிடிச்சால் பல நூறு புழுவை ஒரே வாயில் முடிச்ச கணக்கு.

அப்புறம் ஏன் கொல்லையில் கரிச்சான் வந்து புழுவைத் தின்னவில்லை? உட்கார இடம் இல்லை. வரப்பில் இருந்த வேம்பு, பனை எல்லாம் டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று போய்விட்டது. இந்தக் குருவி தரையில் நடந்து இரை தேடாது, கால் குட்டை. மேலே உட்கார்ந்து பார்த்து, பாய்ந்துதான் பிடிக்கணும். கரண்டு கம்பி ஓரத்துக் கொல்லைக்கு மட்டும் அதனால் புண்ணியம்.

இதுக்குத்தான் பறவைத் தாங்கி. பெயர்தான் பெரிசு. ஒரு கழி, அதன் தலையில் குறுக்கே ஒரு குச்சி கட்டு, கொல்லையில் நடு. பயிர் உயரத்துக்கு மேல் ஒரு அடி, ரெண்டு அடி நின்றால் போதும். எக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 என்று சொல்வார்கள். சவுக்கு மிலாறு, மூங்கில் துண்டு, எதுவும் சரி. காசு செலவு இல்லை. புழு வந்த பிறகு ஓடிப்போய் நடாதீங்க. களை எடுக்கிற சமயத்திலேயே நட்டால் குருவிக்கு இடம் பழகிவிடும்.

அந்த அம்மா அடுத்த போகத்தில் அரை ஏக்கர் மல்லாட்டையில் பத்துக் குச்சி நட்டார்கள். கொல்லையைச் சுத்தி ஆமணக்கு போட்டார்கள். புரோட்டீனியாத் தாய்க்கு ஆமணக்கு இலை என்றால் உசிர், அதில்தான் முதலில் வந்து முட்டை வைக்கும். முட்டைக் குவியலைப் பார்த்துப் பார்த்து இலையோடு பறித்து நசுக்கினார்கள். முந்தின போகத்தில் மூணு தடவை மருந்து அடித்த நிலம். அந்தப் போகத்தில் ஒரு தடவை வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்ததோடு சரி. மருந்துக்கடைப் பக்கம் போகவில்லை. அந்த வருஷம் அவங்க வாங்கின உள்கடன் பேத்தியின் பள்ளிக்கூடத் துணிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் போனது. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் அதை நான்தான் எழுதினேன்.

ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. அதே ஊரில் இன்னொரு அக்கா உளுந்தில் குச்சி நட்டுவிட்டு, கரிச்சான் பார்த்துக்கும் என்று விட்டுவிட்டார்கள். உளுந்துக்கு மஞ்சள் தேமல் வந்து போச்சு. அது வெள்ளை ஈ பரப்புகிற நோய். வெள்ளை ஈ கடுகளவு கூட இருக்காது, இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கரிச்சான் அதை என்ன செய்யும்? அந்த அக்கா ரெண்டு மாசம் என்னோடு பேசவில்லை. அவங்க கோபம் நியாயம்தான், நான் பாதி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதனால இப்போ எங்கே போனாலும் இதையும் சேர்த்தே சொல்றேன். தேமல் வந்த செடியைக் கண்டதும் பிடுங்கணும், விதைக்கும்போதே தேமல் தாங்குகிற ரகம் கேட்டு வாங்கணும். குருவிக்கு அந்த வேலை தெரியாது.

பின்னாடி ஒரு அக்கா கை தூக்குறாங்க. தேனீப் பெட்டி வெச்சிருக்கிறவங்க இல்லையா? தேனீயையும் தின்னுதே என்கிறீங்க. உண்மை. தின்னும். பெட்டி இருக்கிற பக்கம் குச்சி நடாதீங்க, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். நல்லது செய்கிற பூச்சி, கெட்டது செய்கிற பூச்சி என்று அது பாகுபாடு பார்க்காது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னால் பசிபிக் கடலில் ரோட்டா என்கிற தீவுக்குத் தைவானிலிருந்து இந்தக் குருவியைப் பூச்சி பிடிக்கவென்றே கொண்டுபோய் விட்டார்கள். 1950களில் அது கடல் தாண்டிப் பக்கத்துக் குவாம் தீவுக்கும் போய்ப் பெருகிவிட்டது. அங்கே இருந்த சின்னப் பறவைகளுக்கு அதனால் தொல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். நம்ம ஊரில் அது சொந்தக்காரன். நாம் கொண்டுவந்து விடவில்லை, இருப்பதைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று மருந்தைப் பற்றி. அடிப்பது ஆம்பிளைங்க என்றாலும் தண்ணி சுமக்கிறது யாரு? குடத்தில் கரைக்கிறது யாரு? மறுநாளே களை எடுக்கக் குனிகிறது யாரு? அந்தத் துணியைத் துவைக்கிறது யாரு? எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. அது வரைக்கும் அதை நம்ம கையால் கரைத்தவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. குருவி சாகிறது கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு வருகிற தலைச்சுத்தலையும் வாந்தியையும் வெயில் என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறோம். புழு இருக்கா, எத்தனை செடியில் இருக்கு என்று பார்க்காமலே, பக்கத்துக் கொல்லைக்காரர் அடிச்சார் என்று நாமும் அடிக்கிறதை மட்டுமாவது நிறுத்தலாம் இல்லையா?

கூடு பற்றிச் சொல்லாமல் விட்டால் பிள்ளைங்க கோவிச்சுக்குவாங்க. தென்னாட்டில் மாசி, பங்குனியிலேயே ஜோடி சேர்ந்துவிடும், ஆடி வரைக்கும் கூடு பார்க்கலாம். மரத்தில் கவை பிரிகிற இடத்தில் சின்னக் கிண்ணம் மாதிரி கட்டும், ஒரு வாரத்தில் முடிச்சிடும். மூணு நாலு முட்டை. பதினாலு, பதினஞ்சு நாளில் பொரிக்கும். குஞ்சு பறக்கக் கத்துக்கிட்ட பிறகும் தாயும் தகப்பனும் இரை ஊட்டும். இளங்குஞ்சுக்கு வயித்தில் வெள்ளை வெள்ளையாச் செதில் மாதிரி இருக்கும், வால் பிளவும் குறைச்சல். அதுங்க விளையாடுகிறதைப் பார்க்கணும். ஒரு காய்ந்த இலையை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, அது கீழே விழும் முன்னே பாய்ந்து பிடிக்கும். இரை பிடிக்கப் பழகுகிற பள்ளிக்கூடம் அதுதான்.

இந்த மாசம் அதனால்தான் இதைப் பேசுறேன். ஆடிப் பட்டத்துக்கு வரப்பைச் சுத்தம் பண்றோம் என்று மரத்தைக் கழிக்கிறவங்க, கழிக்கும் முன்னே ஒரு தடவை மேலே பாருங்க. கூடு இருந்தால் அந்தக் கிளையை மட்டும் ஆவணி வரைக்கும் விடுங்க. உண்டிகோல் வெச்சிருக்கிற பையன்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும், பேர் சொல்லி யாரையும் நான் சங்கடப்படுத்தலை.

குச்சியை எப்ப பிடுங்கணும் என்று முன் வரிசையில் பாட்டி கேக்கறாங்க. நல்ல கேள்வி. மல்லாட்டைக்கு அறுவடை வரைக்கும் நிக்கட்டும். கம்பு, சோளம், நெல் என்றால் பால் பிடிக்கும்போதே எடுத்துடணும். இல்லைன்னா சிட்டுக்குருவியும் கிளியும் அதே குச்சியில் உட்கார்ந்து கதிரைத் தின்னும். எலித் தொல்லை இருக்கிற கழனியில் அதுக்கு முன்னாடி வரைக்கும் ராத்திரியில் ஆந்தை வந்து உட்காரும், அதுவும் நமக்கு லாபம்தான்.

ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை போடுகிறவங்க பேரைத் தீர்மானப் புத்தகத்தில் குழுவாரியா எழுதிக்கொடுங்க. எத்தனை குச்சி நட்டீங்க, எத்தனை தடவை மருந்து அடிச்சீங்க, போன வருஷம் எத்தனை தடவை அடிச்சீங்க, இந்த மூணு கணக்கு மட்டும் கார்த்திகைக் கூட்டத்துக்கு வேணும். குறைஞ்சிருந்தாலும் சொல்லுங்க, குறையலைன்னாலும் அப்படியே சொல்லுங்க. என்மேல கோபம் இருந்தால் அதையும் கூட்டத்திலேயே சொல்லிடுங்க, ரெண்டு மாசம் பேசாம இருக்காதீங்க.

டீ வந்துடுச்சு. குடிச்சிட்டு அந்தப் பின்பக்கம் வாங்க. நான் பேச ஆரம்பிச்சதிலிருந்து மோட்டார் கொட்டகைக் கம்பியில் ஒண்ணு உட்கார்ந்திருக்கு. மூணு தடவை கீழே போய்ட்டு வந்துடுச்சு.